விட்டுக்கொடுக்கும் வாக்கியங்கள்

மட்டக்களப்பு வாவியின் கடலோரக் கரையை எழுவான்கரை என்றும், அதற்கெதிரே வயலும் காடும் சூழ்ந்த மேற்கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாவியைக் கடந்துதான் படுவான்கரைப் பிள்ளைகள் பலர் ஒரு காலத்தில் நகரத்துக் கல்லூரிகளுக்குச் சென்றனர். மண்முனைத் துறையிற் பாலம் அமைந்தது 2014ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் ‘பாதை’ என்று மக்கள் அழைத்த மிதவையே இரு கரைகளையும் இணைத்தது. மிதவைக்குப் பாதை எனப் பெயரிட்ட மக்களின் மொழியுணர்வு வியத்தற்குரியது.

1950களில் அத்துறையால் நாள்தோறும் கடந்து சென்ற மாணவருள் ஒருவர், பின்னாளில் ஆங்கில ஆசிரியரானார். கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரு சிற்றூரிற் பிறந்தவர். இன்று எண்பது வயதைக் கடந்தவர். ஆங்கிலத்தை அவர் கற்றது அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம். 1940களின் பிற்பகுதியில், பிரெஞ்சுத் துறவிகளுக்குப் பின் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பணியாற்றவென ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து, நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசுசபையினர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் அம்மாணவருக்கு ஆங்கிலக் கட்டுரை கற்பித்தார். மாணவர் அவரை ‘ஃபாதர்’ என்றே அழைப்பர்.

ஒருநாள் பாதை பிந்திவிட்டது. பிந்தி வந்த மாணவர், பிந்தியமைக்கான காரணத்தை ஒரு பந்தியாக எழுதிக் காட்டவேண்டியவரானார். பாதை பிந்திய போதிலும் தாம் பாடசாலைக்கு வந்துவிட்டதாகக் கூறும் வாக்கியத்தை ‘ஓல்தோ’ என்று தொடங்கினார்; நடுவிலே ‘பட்’ என்பதையும் சேர்த்தார். ஃபாதர் இரண்டாவது சொல்லைச் சிவப்பு மையால் வெட்டினார். “இரண்டில் ஒன்று போதும். நீ எனக்கு ஒரே கடனை இரண்டு தரம் அடைக்கிறாய்” என்று சிரித்தார். மறுநாள் அதே வாக்கியத்தைத் திருத்தி எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, மாணவர் ‘ஓல்தோ’வையும் நீக்கி, ‘ஈவின் இஃப்’ என்று தொடங்கினார். இம்முறை ஃபாதர் சிரிக்கவில்லை; புருவத்தை உயர்த்தினார்.

“அப்படியானால் பாதை பிந்தியதா, பிந்தவில்லையா?”

அக்கேள்வியின் பொருள் அன்று மாணவருக்கு விளங்கவில்லை. பாதை பிந்தியது என்றுதானே எழுதியிருக்கிறோம் என்று அவர் எண்ணினார். அதனை முழுமையாக விளங்கிக்கொள்ள அவருக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன.

ஒன்றை ஒப்புக்கொண்டு, அதனால் விளையவேண்டியது விளையவில்லை என்று கூறும் வாக்கியத்தை ஐரோப்பிய இலக்கணகாரர் ‘விட்டுக்கொடுத்தல்’ என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். மழை பெய்தது என்பதை விட்டுக்கொடுக்கிறோம். ஆட்டம் நிற்கவில்லை என்பதை நிலைநாட்டுகிறோம். தமிழிலே இவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் உம் என்னும் இடைச்சொல். தொல்காப்பியம் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களை வகுத்துரைக்கின்றது. ‘பெய்தால்’ என்பது நிபந்தனை. அதன் இறுதியில் உம் வந்து ஒட்டியதும் ‘பெய்தாலும்’ என்றாகி, நிபந்தனையே தன் வலிமையை இழந்துவிடுகின்றது. ஆங்கிலத்தின் ‘ஈவின் இஃப்’ என்பதும் இத்தகைய கூட்டே. நிபந்தனைச் சொல்லோடு ‘கூட’ என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்து இவ்வகை வாக்கியத்தை ஆக்கிக்கொள்ளும் வழக்கம் உலகின் பல மொழிகளில் உண்டு.

ஆயினும், இரு மொழிகளிலும் அச்சொல் நிற்கும் இடம் வேறு. ஆங்கிலத்தில் ‘ஓல்தோ’ வாக்கியத்தின் தலையிலே நின்று, கேட்பவனை முன்கூட்டியே எச்சரித்துவிடுகின்றது. அதைக் கேட்டவுடன், இனி வருவது முடிவன்று, முடிவு பின்னால் வரும் என ஆங்கிலேயன் காதைத் தீட்டிக்கொள்கின்றான். தமிழிலோ அடையாளம் வாலிலே வருகின்றது. “நீங்கள் சொல்வது சரி” என்பது வரை கேட்டவன், தன் கருத்தை மற்றவர் ஏற்றுக்கொண்டார் என்றே நினைப்பான். ‘என்றாலும்’ என்ற சொல் வந்த பின்பே தான் ஏமாந்ததை உணர்வான். ஃபாதர் தமிழ் பயின்ற தொடக்க காலத்தில் இந்த ஏமாற்றத்தைப் பலமுறை அனுபவித்ததாகத் தம் மாணவரிடம் கூறியதுண்டு. ஊர்ப் பெரியவர்களோடு பேசும்போது வாக்கியத்தின் முற்பாதிக்குத் தலையாட்டிவிட்டுப் பிற்பாதியிலே அகப்பட்டுக்கொள்வாராம். நாளடைவில், தமிழர் பேசும்போது இறுதி வினைச்சொல் வரும் வரை தலையை ஆட்டாதிருக்கப் பழகிக்கொண்டார்.

மாணவர் ‘பட்’ என்ற சொல்லைச் சேர்த்ததற்கும் காரணம் இதுவே. தமிழ்ச் செவிக்கு, விட்டுக்கொடுத்தலின் அடையாளம் இரண்டு கூற்றுகளும் சந்திக்கும் மூட்டிலே இருத்தல் வேண்டும். ‘ஓல்தோ’ தலைக்குப் போய்விட்டதால் ஆங்கில வாக்கியத்தின் மூட்டு வெறுமையாய்க் கிடக்கின்றது. அவ்வெறுமையைப் பொறாத தமிழ்ச் செவி ஒரு ‘பட்’டை இட்டு நிரப்புகின்றது. எனவே அது அறியாமையால் விளைந்த பிழை எனினும் காரணமற்ற பிழையன்று. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘தோ’ என்று தொடங்கி ‘யெற்’ என்று மூட்டிலே இன்னொரு சொல் இடும் வழக்கம் செழித்திருந்தது. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பில் அதனைப் பரக்கக் காணலாம். இன்றைய ஆங்கிலேயரின் காதில் அது வேதாகமத்தின் ஒலியைத் தருகின்றது. ‘ஓல்தோ’வோடு ‘பட்’ சேர்வதோ வேற்றுமொழியாளரின் ஒலியைத் தருகின்றது.

இவ்வேறுபாடு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் உரியதன்று. நிபந்தனைக் கூற்று முன்னும் அதன் விளைவு பின்னும் வருதலே எல்லா மொழிகளின் இயல்பான ஒழுங்கு என ஜோசப் கிரீன்பேர்க் 1963இல் எடுத்துரைத்தார். சார்புக் கூற்றின் அடையாளம் கூற்றின் இறுதியிலே வரும் மொழிகள் அக்கூற்றைப் பெரும்பாலும் முன்னரே வைக்கும் என்பதையும், அடையாளம் தொடக்கத்திலே வரும் மொழிகள் முன்னும் பின்னும் வைக்கும் என்பதையும் ஹோல்கர் டீசல் 2001இல் பல மொழிகளை ஒப்பிட்டுக் காட்டினார். தமிழ் முதல் வகையது. ஆங்கிலம் இரண்டாவது வகையது.

முன்னும் பின்னும் வைக்கும் உரிமை ஆங்கிலேயருக்கு ஒரு நுட்பத்தை அளித்துள்ளது. எது இறுதியில் நிற்கின்றதோ அதுவே கேட்பவர் மனத்திலும் எஞ்சி நிற்கும். “பையன் சோம்பேறி என்றாலும் கெட்டிக்காரன்” என்பதும் “கெட்டிக்காரன் என்றாலும் சோம்பேறி” என்பதும் ஒரே பையனைப் பற்றிய இரு வேறு தீர்ப்புகள் என்பதைத் தமிழரும் அறிவர். ஆங்கிலத்தில் மூன்றாவது வழியொன்றும் உண்டு. தீர்ப்பை முதலிற் கூறிவிட்டு, விட்டுக்கொடுத்தலை இறுதியிலே தணிந்த குரலில் ஒட்டிவிடுதல் அது. பேச்சிலே அது இன்னும் சுருங்கி, வாக்கியத்தின் கடைசியில் ‘தோ’ என்னும் ஒற்றைச் சொல்லாக நின்றுவிடுவதுமுண்டு. ஃபாதர் அவ்வாறு பேசக் கேட்ட முதல் நாட்களில், வாக்கியத்தின் மீதியை அவர் மறந்துவிட்டார் என்று எண்ணி மாணவர் காத்திருந்தனராம். அந்தச் சொல்லோடு வாக்கியம் முடிந்துவிட்டது என்பதை அறிய அவர்களுக்கு ஒரு தவணை பிடித்தது. ‘ஓல்தோ’ ஏட்டு வழக்கின் சாயலுடையது, ‘தோ’ வீட்டு வழக்கினது, ‘ஈவின் தோ’ சற்று அழுத்தமானது என்ற வேறுபாடுகளையும் அவர்கள் மெல்ல மெல்லக் காதினாலேயே அறிந்துகொண்டனர்.

மொழியைக் காதினால் அறிதல் இந்நிலத்துக்குப் புதியதன்று. 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் ரெனென்ற், இரவில் வாவியின் அடியிலிருந்து எழும் இசையொலியைக் கேட்டுத் தம் நூலிற் குறித்துவைத்தார். ஒரு நூற்றாண்டின் பின், அமெரிக்க யேசுசபைத் துறவியாகிய லாங் அடிகளார் அதே ஒலியைக் கருவிகொண்டு பதிவுசெய்தார். அதற்கும் முன்னர், 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் திருச்சபையின் வில்லியம் ஓல்ட், பள்ளிக்கூடங்களை அமைத்து, ஓராண்டு நிறைவதற்கு முன்பே 1815 ஏப்ரலிற் காலமானார். மறுதலையாக, 1892இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆங்கிலத்தின் ஒலியை உள்வாங்கி, 1926இல் மதங்க சூளாமணியில் சேக்ஸ்பியரைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தார். பின்னர் பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழுக்கு ஆசிரியராகவும் விளங்கினார். இரு மொழிகளின் ஓசையும் ஒன்றையொன்று நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த நிலம் இது. மட்டக்களப்பின் பேச்சுத் தமிழ் ஏனைய பேச்சு வழக்குகளைவிட ஏட்டு வழக்குக்கு நெருங்கியது எனச் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1960களில் எழுதியமையும் இங்கு நினைக்கத்தக்கது. ஏட்டுக்கு நெருங்கிய பேச்சென்பதாலேயே, அதனை ஏட்டைப் படிப்பதுபோலப் படித்துவிடலாம் என்ற மயக்கமும் படித்தவர்க்கு எளிதில் உண்டாகும்.

மாணவர் ஆசிரியரானார். ஃபாதர் கேட்ட கேள்விக்கு அவர் தமக்கென ஒரு விடையைக் கண்டார். அதனை ஒரு விதியாக்கி, இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பிலே கற்பித்தார். ஆங்கிலத்தில் நடந்ததை விட்டுக்கொடுக்க ஒரு சொல்லும், நடக்கக்கூடியதை விட்டுக்கொடுக்க வேறொரு சொல்லும் உள்ளன. நடந்ததற்கு ‘தோ’வும் அதன் இனமும், நடக்கலாம் என்பதற்கு ‘ஈவின் இஃப்’. தமிழில் ‘வந்தும்’ என்பது நடந்ததை மட்டுமே குறிக்கும். ‘வந்தாலும்’ என்பதோ இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே ‘ஆலும்’ என்று முடியும் சொல்லைக் கண்டால், வாக்கியத்தின் இறுதி வினையைப் பார்க்கவேண்டும். அது இறந்தகாலமாயின் ‘தோ’. எதிர்காலமாயின் ‘ஈவின் இஃப்’. “மழை பெய்தாலும் போனேன்” என்றால் மழை பெய்தது. “மழை பெய்தாலும் போவேன்” என்றால் மழை இன்னும் பெய்யவில்லை. விதி எளிது, மாணவருக்கும் பிடித்திருந்தது. பலர் அதனாற் பரீட்சையிற் சித்தியடைந்தனர்.

பின்னர் 1990 வந்தது. அவ்வாண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து அகதிகளாயினர். அழைத்துச் செல்லப்பட்டோர் பலர் திரும்பவில்லை. வந்தாறுமூலையிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் அவ்வாண்டு செப்ரெம்பர் 5ஆம் நாள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களும் திரும்பி வரவில்லை. இன்று அவ்வளாகத்தில் விரிவுரை கேட்போர் நடக்கும் மண் அது.

சில ஆண்டுகளின் பின், காணாமற்போனோர் பற்றிய ஒரு விசாரணையின் பொருட்டு, உறவினர் தமிழிலே சொன்ன வாக்குமூலங்களை ஆங்கிலத்திலே எழுதிக்கொடுக்கும் வேலைக்கு ஆசிரியர் அழைக்கப்பட்டார். விடுமுறை நாட்களில், ஒரு பழைய மண்டபத்தில், காலை எட்டு மணி முதல் இருட்டும் வரை வேலை நடந்தது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வருவர். ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட நேரம் சில நிமிடங்களே. ஒருநாள் பிற்பகல், படுவான்கரையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனைப் பிடித்துச் சென்றவர்கள் இருந்த முகாமைப் பற்றிக் கேட்கப்பட்டபோது அவர் சொன்னார்:

“நான் எத்தின தரம் போனாலும் ஒண்டும் சொல்லமாட்டாங்க, சேர்.”

ஆசிரியர் தம் விதியின்படி இறுதி வினையைப் பார்த்தார். எதிர்காலம். ‘ஈவின் இஃப்’ என்று எழுதினார். நான் பலமுறை போனாலுங்கூட அவர்கள் எனக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை என்பதே அவர் எழுதிய ஆங்கில வாக்கியத்தின் பொருள். அடுத்தவர் அழைக்கப்பட்டார்.

இரண்டு மாதங்களின் பின், வாக்குமூலங்களின் பிரதிகளைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஆசிரியரைத் தேடி வந்தார். அவர் இங்கிலாந்திலிருந்து நிவாரணப் பணிக்கென வந்திருந்தவர், நல்ல மனத்தினர், தமிழ் அறியாதவர். ஒரு தாளை எடுத்துக் காட்டி அவர் கேட்டார்: “இந்தத் தாய் ஏன் ஒரு தடவையாவது அங்கே போய்க் கேட்டுப் பார்க்கவில்லை? போனாற் பயனில்லை என்று அவராகவே முடிவுசெய்துவிட்டாரே.”

ஆசிரியருக்கு உடல் குளிர்ந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதில் அவ்வாக்கியம் அவ்வாறுதான் ஒலித்தது. வேறு எவ்வாறும் ஒலித்திருக்க முடியாது. ‘ஈவின் இஃப்’ என்று கேட்டவுடன் அக்காது, பின்னால் வருவது நடவாத ஒன்று என முடிவுகட்டிவிடுகின்றது. பாதை பிந்தியதா, பிந்தவில்லையா என்று ஃபாதர் கேட்ட கேள்வியையே, அவர் போனாரா, போகவில்லையா என்று அப்பெண்மணியும் கேட்டார். அவர் விட்ட தவறு ஒன்றுமில்லை. தாய் சொன்னதிலும் தவறில்லை. “அந்தக் காலத்தில் வாவியிலே குளிப்போம், கரையிலே விளையாடுவோம்” என்று முதியவர் சொல்லும்போது, அவர் நாளைக்குக் குளிக்கப்போவதைச் சொல்லவில்லை என்பதை எந்தத் தமிழரும் அறிவர். கடந்த காலத்தில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததைக் கூறத் தமிழ் எதிர்கால வினையையே எடுத்தாளுகின்றது. தாய் கூறிய ‘சொல்லமாட்டாங்க’ என்பது அத்தகையது. போகும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஒன்றும் சொல்லாமலே அனுப்பினர் என்பதே அவர் சொன்னது. ‘எத்தின தரம்’ என்பதிலேயே அவர் நடந்த தூரம் முழுவதும் அடங்கியிருந்தது. இறுதி வினையை மட்டும் பார்க்கச் சொன்ன விதி, வாக்கியத்தின் நடுவில் நின்ற அந்தத் தாயைப் பார்க்கத் தவறிவிட்டது.

மறுநாளே ஆசிரியர் திருத்தம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பதில் வராமையால் மீண்டும் எழுதினார். மூன்றாவது கடிதத்தின் பின் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கோப்பைப் பார்க்க அனுமதி பெற்றுச் சென்றபோது, அவருடைய பழைய வாக்கியம் இருந்த இடத்திலேயே இருந்தது. திருத்தம், பல தாள்களுக்குப் பின்னால், இணைப்பாகக் குத்தப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் தீர்ப்பைக் கூறிவிட்டுக் கடைசியிலே தணிந்த குரலில் ஒட்டும் அந்தச் சிறு ‘தோ’வை அவர் அங்கே கண்டார். கோப்பை விரித்துப் படிப்பவர் முதலில் அறிவது, அத்தாய் போகவில்லை என்பதையே. இறுதிவரை புரட்டும் பொறுமை உடையவர் மட்டுமே அவர் போனார் என்பதை அறிவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் மண்முனைத் துறையாற் பாதையேறிப் படுவான்கரைக்குச் சென்றார். நேரிற் சென்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க அவரால் இயலவில்லை. அத்தாயின் வீடு வரம்போரத்தில், ஓலை வேய்ந்த சிறு வீடு. திண்ணையிலே பாயை விரித்து அவரை இருத்திவிட்டு, தாய் நிலையருகே நின்றார். ஆசிரியர் தாம் செய்ததைச் சொன்னார். இலக்கணம் சொல்லவில்லை, “நீங்கள் போகவில்லை என்று வாசிக்கும்படி எழுதிப்போட்டேன், அம்மா” என்று மட்டும் சொன்னார்.

தாய் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்:

“பதினாலு தரம் போனனான், சேர். ஒவ்வொரு தரமும் ஒரு கோழி வித்துத்தான் பஸ்ஸுக்குக் காசு எடுத்த நான். அதாலதான் கணக்குத் தெரியும்.”

முற்றத்தை நோக்கி ஆசிரியர் திரும்பினார். கோழிக்கூடு வெறுமையாக இருந்தது. பதினான்கு என்னும் எண்ணிக்கையை வாக்குமூலம் எடுத்த நாளில் எவரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவ்வாக்கியத்தை எந்த மொழியிலும் பிழையாக எழுதியிருக்க இயலாது.

“மன்னிக்கவேணும்” என்று அவர் தொடங்கினார். தாய் கையை அசைத்து நிறுத்தினார்.

“நீங்க சரியா எழுதினாலும் பிழையா எழுதினாலும் அவன் வரல்லத்தானே, சேர். நீங்க வந்து சொன்னீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அவ்வாக்கியத்திலும் ‘ஆலும்’ இருந்தது, இரண்டு இருந்தன. பாதையிலே திரும்பி வரும்போது, பழக்கத்தினால், ஆசிரியர் அதனை மனத்துக்குள்ளே ஆங்கிலமாக்க முயன்றார். சரியாக எழுதவும் இல்லை, பிழையாக எழுதியதோ நடந்தது. ஒன்று நடவாதது, மற்றது நடந்தது. இரண்டையும் ஒரே உம்மையிற் கட்டி, இரண்டின் மீதும் ஒரே துயரத்தை வைத்து, அதன் பிறகும் எழுதியவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் அந்த வாக்கியத்துக்கு ஏற்ற சொற்களை அவரால் அன்று அமைக்க இயலவில்லை. கரை வந்துவிட்டது, இறங்கிக்கொண்டார்.

அதன் பின்னரும் அவர் சில ஆண்டுகள் கற்பித்தார். அந்த விதியை அவர் கைவிடவில்லை. பரீட்சைக்கு அது இன்றும் போதுமானது. ஆனால் அதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். ‘ஆலும்’ என்று முடியும் வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவார். எதிர்கால வினையோடு முடிப்பார். மாணவர் அனைவரும் ஒரே குரலில் ‘ஈவின் இஃப்’ என்பர். உடனே அவர் கேட்பார்: “இதைச் சொன்னது யார்? எப்போது சொன்னார்? போனாரா என்று அவரைக் கேட்டீர்களா?” மாணவர் விழிப்பர். வாக்கியத்தைச் சொன்னவர் கரும்பலகையில் இல்லையே என்று ஒரு துடுக்கான பையன் ஒருமுறை கேட்டான். “இல்லைத்தான். அதனால்தான் மொழிபெயர்க்க முன் நாங்கள் அவரிடம் போகவேணும்” என்று ஆசிரியர் விடையளித்தார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொள்ளவிருக்கும் இளைஞர் சிலர் இன்றும் அவரைத் தேடிச் செல்வதுண்டு. நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும், அகதி விண்ணப்பங்களை ஆராயும் வெளிநாட்டு அலுவலகங்களிலும், தமிழர் கூறும் ‘ஆலும்’கள் நாள்தோறும் ஆங்கிலமாகிக்கொண்டிருக்கின்றன. “அடித்தாலும் சொல்லவில்லை”, “எவ்வளவு கேட்டாலும் விடமாட்டார்கள்” என்னும் வாக்கியங்களில் அடியும் கேள்வியும் நடந்தனவா, நடக்கக்கூடியனவா என்பதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அலுவலர் ஒரு சிறு சொல்லிலிருந்தே முடிவுசெய்வார். அம்முடிவால் ஒருவர் நம்பப்படலாம், நம்பப்படாமலும் போகலாம். அந்த இளைஞரிடம் ஆசிரியர் நீண்ட உபதேசம் எதுவும் செய்வதில்லை. பாதை பிந்திய நாளையும், ஃபாதரின் சிவப்பு மையையும், பதினான்கு கோழிகளையும் பற்றிச் சொல்வார். சொல்லி முடித்தபின், அவர்களை இருத்தித் தண்ணீர் கொடுப்பார்.